இடித்த தோட்டத்தை எல்லாரும் உள்ளே வந்து உலவும் இணைய உலகமாகக் கட்ட முடியுமா? (பெஸ்தாரி ஜெயா)

தீம்பார்_தம்பி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். பெரியவர்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் புரியும். டவுனுக்கு வெளியே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் லயங்களை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) இடித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மாரியம்மன் கோவிலும் பழைய தண்ணீர்த் தொட்டியும் மட்டும் நிற்கின்றன, சுற்றிலும் செம்பனை. அங்கே பிறந்தவர்கள் ரவாங், காப்பார், ஷா ஆலாம், சிங்கப்பூர் என்று சிதறிவிட்டார்கள். திருவிழாவுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவதோடு சரி.

அந்தத் தோட்டத்தை முப்பரிமாணத்தில் கட்டி, 30, 40 பேர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து நடக்கவும் பேசவும் முடிகிற மாதிரி செய்ய ஆசை. கட்ட அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு மென்பொருள், உள்ளே இருப்பது போலப் பார்க்கக் கண்ணில் மாட்டும் விஆர் கண்ணாடி என்று யோசித்து வைத்திருக்கிறேன். பார்த்தால் அசல் மாதிரியே இருக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? இந்த வேலையில் இருக்கிறவர்கள் வழி சொல்லுங்கள்.

கோப்பி_ஓ

தோட்டத்துக்கு ஏற்கெனவே வாட்ஸ்அப் குழு இருக்கிறதல்லவா? அதிலேயே காலை வணக்கப் படமும் இரங்கல் செய்தியும் தவிர வேறு எதுவும் வருவதில்லை. இதில் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேறு வர வேண்டுமா?

பெரிய பெரிய நிறுவனங்களே இதில் கையைச் சுட்டுக்கொண்டன. கூகுள் 2008 ஜூலையில் லைவ்லி என்று ஒன்றைத் திறந்து அந்த வருடக் கடைசியிலேயே மூடியது. மைக்ரோசாஃப்ட் கையில் இருந்த ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச்சில் போனது. மொசில்லா ஹப்ஸ் 2024 மே மாதத்தோடு முடிந்தது. உள்ளே வீடு கட்டி வைத்திருந்தவர்கள் கதி? மூட்டையைக் கட்டு என்று சொல்லிவிட்டார்கள். தோட்டத்தை விட்டு ஒரு தடவை போனது போதாதா தம்பி?

நள்ளிரவு_நிரலர்

பினாங்கில் விளையாட்டு நிரல் எழுதும் வேலை. கோப்பி_ஓ சொல்வதில் பாதி சரி: அடுத்தவன் சர்வரில் (எல்லாரும் வந்து இணைகிற நடுக்கணினியில்) கட்டினால் அடுத்தவன் நினைத்தபோது போய்விடும். மீதிப் பாதிக்குப் பதில், 2003இல் தொடங்கிய செகண்ட் லைஃப் என்ற இணைய உலகம் இன்றும் ஓடுகிறது. அதற்கும் முன்னால் 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுதிய மட் என்ற உலகத்தில் படமே கிடையாது, வெறும் எழுத்துதான். "வடக்கே போ" என்று தட்டினால் வடக்கே போவீர்கள். அதற்குள் ஆட்கள் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே தம்பி, அசல் மாதிரி இருப்பது முக்கியமில்லை. இந்தத் துறைக்கு வருகிற எல்லாரும் அங்கேதான் காசைக் கரைக்கிறார்கள்.

கஷ்டம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். தனி ஆள் விளையாட்டில் உலகம் ஒன்றுதான், அது உங்கள் கணினிக்குள் இருக்கிறது. 40 பேர் வந்தால் 40 கணினியில் 40 உலகங்கள். அத்தனையும் ஒரே உலகம் என்று நம்ப வைப்பதுதான் மொத்த வேலையும்.

ஒரு மரத்தடியில் மங்கு (ரப்பர் பால் வடியும் கிண்ணம்) இருக்கிறது. ரவாங்கிலிருந்து ஒரு பிள்ளையும் சிங்கப்பூரிலிருந்து ஒரு பிள்ளையும் ஒரே நொடியில் அதை எடுக்கிறார்கள். இரண்டு திரையிலும் "நான்தான் எடுத்தேன்" என்று தெரியும். யாரிடம் மங்கு இருக்கிறது? முடிவு சர்வருடையது. யார் கட்டளை சர்வருக்கு முதலில் போய்ச் சேர்ந்ததோ அவருக்கு, மற்றவர் கையிலிருந்து அது மறைந்துவிடும். சர்வர் சொல்வதுதான் கடைசி வார்த்தை, வருகிறவர்களின் கணினி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. நம்பினால் முதல் வாரமே ஒரு பையன் சுவருக்குள் புகுந்து நடப்பான்.

அடுத்தது கூட்டம். 40 பேர் கோவில் முன்னால் நிற்கிறார்கள். ஒருவர் ஒரு அடி நகர்ந்தால் மற்ற 39 பேருக்கும் சொல்ல வேண்டும். 40 பேரும் நகர்ந்தால் 1,560 செய்திகள். நொடிக்கு 10 தடவை என்றால் 15,600. ஒரு செய்தி 20 பைட் என்று வைத்தாலும் சர்வரிலிருந்து வெளியே போவது நொடிக்கு 2.5 மெகாபிட். அது பரவாயில்லை. ஆனால் 400 பேர் வந்தால் பத்து மடங்கு கூடாது, ஏறக்குறைய நூறு மடங்கு கூடும். ஆளாளுக்குச் சொல்வதால் பெருக்கலுக்குப் பெருக்கல். இதனால்தான் எல்லாரும் ஒரு தந்திரம் செய்கிறார்கள்: உன் கண்ணுக்கு எட்டுகிற ஆட்களைப் பற்றி மட்டும் உனக்குச் சொல்வேன். பால் எடை போடும் ஸ்டோரில் நிற்பவருக்குக் கோவிலில் யார் கையை ஆட்டினார் என்று தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது தூரம். சர்வரை மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வையுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று அமெரிக்காவில் வைக்காதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கோலாலம்பூரிலிருந்து அமெரிக்க மேற்குக் கரை ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். போய் வரவே 140 மில்லிவினாடி. நடுவில் எத்தனை கோடி கொட்டினாலும் அதைக் குறைக்க முடியாது, இயற்பியல்.

தீம்பார்_தம்பி

நன்றி அண்ணே. அப்படியானால் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் சர்வரைக் கேட்டுக் கேட்டு நடந்தால் தடுமாறாதா?

நள்ளிரவு_நிரலர்

கேட்டுவிட்டுக் காத்திருக்க மாட்டோம். பொத்தானை அழுத்தியவுடன் உங்கள் திரையில் நீங்கள் நடந்துவிடுவீர்கள், சர்வர் ஒத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பின்னுக்கு இழுத்துவிடும். மற்றவர்களை மட்டும் கொஞ்சம் பழைய நேரத்தில் காட்டுவோம். அவர் எங்கே இருந்தார், எந்தப் பக்கம் எந்த வேகத்தில் போனார் என்று தெரிந்தால் நடுவில் உள்ள அடிகளைக் கணினியே நிரப்பிக்கொள்ளும். இணையம் ஒரு நொடி விக்கினால் ஆள் சடக்கில் (சாலையில்) நேராகப் போய்க்கொண்டே இருந்து, பிறகு சட்டென்று திரும்பிக் குதிப்பார். பார்த்திருப்பீர்கள்.

ஆறாம்_லயம்

தம்பிமார்களே, கணக்கெல்லாம் எனக்குப் புரியவில்லை. நான் அதே தோட்டம்தான், ஆறாவது லயம். அம்மா பால்மரம் வெட்டினவர். மகள் இந்த இழையை அனுப்பினாள்.

கட்டுவதாக இருந்தால் சரியாகக் கட்டுங்கள். லயத்துக்கு முன்னால் சாக்கடை, அதற்கு மேலே பலகைப் பாலம், வீட்டுக்கு ஒன்று. பலகை ஆடும். பொதுக் குழாய் ஐந்தாவது லயத்துக்கும் ஆறாவது லயத்துக்கும் நடுவில். அங்கேதான் எல்லாச் செய்தியும் பிறக்கும், சண்டையும் அங்கேதான். கிராணி (கணக்கர்) வீடு மேட்டில், துரை பங்களா அதற்கும் மேலே, கீழிருந்து கூரை மட்டும்தான் தெரியும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகை ஆபீசுக்குப் பின்னால். வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டு நடக்கிற இடத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடியற்காலையில் அதைத் தட்டுவார்கள். அது இல்லாமல் கட்டினால் நான் வர மாட்டேன்.

அப்புறம் ஒன்று. எல்லாரும் கோவிலை மட்டும் அழகாகக் கட்டுவார்கள். கள்ளுக்கடையையும் கட்டுங்கள். இருந்தது இருந்ததுதான்.

கோப்பி_ஓ

அக்கா, மன்னிக்கணும், இதுதான் எனக்கு நெருடுகிறது. இருட்டில் எழுந்து, கொசுக்கடியில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆளுக்கு 400, 500 மரம் வெட்டின இடம். பிள்ளைகள் அதற்குள் பொம்மையாக ஓடி விளையாடுவார்கள், "ஆகா, எவ்வளவு அழகான வாழ்க்கை" என்று நினைப்பார்கள். பட்ட பாட்டைத் துடைத்துவிட்டு பச்சையடித்த மாதிரி ஆகிவிடும்.

ஆறாம்_லயம்

துடைக்கச் சொல்லவில்லையே. அதைத்தான் உள்ளே வையுங்கள் என்கிறேன். என் பேரனுக்குப் பால்மரம் என்றால் என்ன என்றே தெரியாது. செம்பனையைக் காட்டி "இதுதானே பாட்டி" என்கிறான். அவன் ஒரு நிரை (ஒரு வரிசை மரம்) வெட்டிப் பார்க்கட்டும். வெட்டி முடிக்கிற நேரம் மழை வரட்டும், மங்கில் தண்ணீர் ஏறிப் பால் வீணாகட்டும். அன்றைக்குக் கூலி இல்லை என்று கிராணி எழுதட்டும். அப்புறம் சொல்லுங்கள் பிள்ளைகள் அழகான வாழ்க்கை என்று நினைப்பார்களா என்று.

நள்ளிரவு_நிரலர்

அக்கா ஒரே பதிவில் விளையாட்டு வடிவமைப்பை முடித்துவிட்டார். இந்த மழை யோசனைதான் இழையிலேயே உருப்படியானது. ஆட்கள் உலகத்துக்குள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார்கள், இரண்டாம் தடவை வர மாட்டார்கள். சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால்தான் வருவார்கள். வெட்டுவது ஒருவர், பால் சேர்ப்பது ஒருவர், வாளிகளைக் காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுபோவது ஒருவர். பால் உறைவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஒருவர் பிந்தினால் எல்லாருக்கும் நஷ்டம். மழையை சர்வர் முடிவு செய்யட்டும், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பெய்ய வேண்டும்.

கணினி_வாத்தியார்

தமிழ்ப்பள்ளியில் கணினிக் கழகம் நடத்துகிறேன். அன்ரியலை விடுங்கள். எங்கள் பள்ளிக் கணினிகள் அதைத் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளம் பிள்ளைகளுக்குப் பழக்கம், ஆனால் உலகம் அவர்களுடைய சர்வரில்தான் இருக்கும், கோப்பி_ஓ சொன்ன அதே கதை.

நான் லுவான்டி என்ற விளையாட்டு மென்பொருளைச் சொல்வேன். முன்பு மைன்டெஸ்ட் என்ற பெயர், 2024 அக்டோபரில் மாற்றினார்கள். இலவசம், திறந்த மூலம், பழைய மடிக்கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஓடும். கட்டம் கட்டமாக அடுக்குவதுதான், ஒரு கட்டம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் லயத்தை நடந்தே அளந்து கட்டிவிடலாம். புதிய பொருளோ நடத்தையோ வேண்டுமானால் லூவா என்ற நிரல் மொழியில் சின்ன நிரல். மங்குக்கு ஒரு நேரக் கணக்கு வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் நிரம்பும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதிவிடுவார்கள்.

உலகம் முழுவதும் வட்டில் ஒரு கோப்புறை, நிலப்படம் அதற்குள் எஸ்கியூலைட் என்ற வகைத் தரவுக் கோப்பு. நகலெடுத்துப் பென்டிரைவில் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால் யாரும் மூட முடியாது.

ஒரு குறை உண்டு. தமிழ் எழுத்து உள்ளே ஒழுங்காக வராது. "கோவில்" என்று பலகையில் எழுதினால் கொம்பு முன்னால் வர வேண்டியது பின்னால் போய் உட்காரும். எழுத்துகளைச் சேர்த்து அடுக்கித் தருகிற பகுதி அதில் இல்லை. கோடோ எஞ்சின் என்ற இன்னொரு விளையாட்டு மென்பொருளின் 4ஆம் பதிப்பில் அது இருக்கிறது, தமிழ் சரியாக வரும், ஆனால் அதில் பலர் கூடும் சர்வர் முழுவதையும் நாமே எழுத வேண்டியிருக்கும். நான் செய்கிற வழி: பலகைகளை வெளியே படமாகத் தயாரித்து உள்ளே ஒட்டிவிடுவது. பெயர்ப்பலகைக்கு அது போதும்.

தீம்பார்_தம்பி

சார், அரட்டைக்கு? பெரியவர்கள் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய மாட்டார்களே.

கணினி_வாத்தியார்

பெரியவர்கள் எந்த எழுத்திலும் தட்டச்சு செய்ய மாட்டார்கள் தம்பி, அனுபவம். குரல்தான். லுவான்டியில் குரல் வசதி கிடையாது, பக்கத்தில் மம்பிள் மாதிரி இலவச மென்பொருள் ஒன்றை ஓட விடுங்கள். ஒரே அறையில் 40 பேரைப் பேச விட்டால் சந்தைக்கடை. பொதுக் குழாய், கோவில், கள்ளுக்கடை என்று தனித்தனி அறை வையுங்கள்.

பெர்ஜுந்தை_பையன்

சைபர்ஜெயாவில் வலையமைப்பு வேலை. வீட்டுக் கணினியிலேயே சர்வர் வைக்கலாம் என்று யாராவது சொல்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு இணைப்பில் எனக்கென்று தனி ஐபி முகவரி (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கிடையாது. பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து கதவைத் தட்டினால் யார் வீட்டுக் கதவு என்று தெரியாது. திசைவியில் (ரவுட்டரில்) லுவான்டிக்கான 30000 என்ற யுடிபி வாயிலைத் திறந்து வைத்தும் பயனில்லை. வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்பதுதான் பதில். அதனால் மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுங்கள், சிங்கப்பூரில். 40 பேருக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஊர்க்காரர்கள் பத்துப் பேர் மாதம் ஆளுக்கு இரண்டு மூன்று வெள்ளி (ரிங்கிட்) போட்டால் தாங்கும். அந்தக் கணக்கை யார் பார்ப்பது என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள். கோவில் கமிட்டியில் பார்த்திருக்கிறோமே.

கோப்பி_ஓ

ஆ, இப்போது விஷயத்துக்கு வந்தீர்கள். காசு ஒரு பக்கம். உள்ளே யார் எதைக் கட்டலாம், யார் இடிக்கலாம்? ஒரு பையன் வந்து கோவிலில் ஒரு கல்லைப் பெயர்த்தால் என்ன செய்வீர்கள்? மறுநாள் அவன் அப்பா வீட்டுக்கு ஆள் போகும், உலகம் பொம்மை என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

நள்ளிரவு_நிரலர்

சரியான கேள்வி. இதற்கு நாற்பது வருடப் பழைய பாடம் இருக்கிறது. லூக்காஸ்ஃபிலிம் விளையாட்டுப் பிரிவு 1986இல் ஹாபிடாட் என்ற உலகத்தைச் சோதனைக்கு விட்டது. கொமடோர் 64 கணினியில், தொலைபேசிக் கம்பி வழியாக. கட்டியவர்கள் சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும். ஆட்கள் ஒருவரை ஒருவர் கொள்ளையடிக்கவும் சுடவும் அதில் வழி இருந்தது. செத்தால் கையில் இருந்ததை இழந்து வீட்டில் மறுபடி எழுவார்கள். பாதிப்பேர் "இது குற்றம், நிறுத்துங்கள்", மீதிப்பேர் "விளையாட்டுதானே". கடைசியில் ஊர் எல்லைக்குள் அது நடக்காது, வெளியே காட்டில் நடக்கும் என்று நிரலிலேயே போட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஒரு தானியங்கிக் கடையில் விற்ற விலையைவிட அடகுக்கடையில் அதே பொருளுக்குக் கூடக் கொடுத்தார்கள். சில பேர் அதைக் கண்டுபிடித்து இரவோடு இரவாக வாங்கி வாங்கி விற்று, விடிவதற்குள் உலகத்தின் மொத்தப் பணத்தையே பல மடங்காக்கிவிட்டார்கள். தீம்பார்_தம்பி, உங்கள் ஸ்டோரில் பால் எடை போட்டுக் கூலி கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதை நினைவில் வையுங்கள். மங்கில் தண்ணீர் கலக்க வழியிருந்தால் கலப்பார்கள்.

ஆறாம்_லயம்

அப்போதும் கலந்தார்கள் தம்பி. அதற்குத்தான் ஸ்டோரில் பாலைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

கணினி_வாத்தியார்

லுவான்டியில் அனுமதி முறை எளிது. புதிதாக வருகிற ஆளுக்கு வழக்கமாக இரண்டு உரிமை கிடைக்கும்: பொருள்களைத் தொட்டு மாற்றும் உரிமை ஒன்று, அரட்டையில் பேசும் உரிமை ஒன்று. முதலாவதை அமைப்புக் கோப்பில் எடுத்துவிட்டால் வருகிறவர் நடக்கலாம், பார்க்கலாம், பேசலாம், ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது. ஆளைத் தெரிந்த பிறகு கொடுங்கள். இடத்துக்குக் காப்புப் போடவும் நீட்சிகள் உண்டு. ஆறாவது லயத்தில் அக்கா வீட்டை அக்கா மட்டும் மாற்றலாம், கோவிலை யாரும் தொட முடியாது, நிரைகளில் எல்லாரும் வெட்டலாம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

தீம்பார்_தம்பி

விஆர் கண்ணாடி, அன்ரியல் இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். வாத்தியார் சொன்னபடி லுவான்டியில் ஆறாவது லயம், பொதுக் குழாய், பெரட்டு இடம், பத்து நிரை மரம், இவ்வளவும் கட்டியாகிவிட்டது. பெர்ஜுந்தை_பையன் அண்ணன் சர்வர் எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமை இரவு கொஞ்சம் பேரைக் கூப்பிட்டோம்.

நடந்தது இது. பெரியவர்கள் யாரும் மரத்துப் பக்கம் போகவில்லை. எல்லாரும் குழாயடியில் போய் நின்றுகொண்டார்கள். நின்று பேசினார்கள், அவ்வளவுதான். பேசப் பேச "இங்கே இன்னொரு பாலம் இருந்தது", "கோழிக்கூண்டு அந்தப் பக்கம்" என்று ஆளாளுக்குச் சொல்ல, பிள்ளைகள் ஓடி ஓடிக் கட்டினார்கள். காப்பாரிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு நடக்கவே தெரியவில்லை, பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். அவர் அந்தத் தண்டவாளத் துண்டைத் தட்டச் சொன்னார். ஒலி சேர்க்க மறந்திருந்தேன். எனக்குக் கிடைத்த திட்டு இருக்கிறதே!

இப்போது சிக்கல். கள்ளுக்கடை ஆற்றுப் பக்கமா, சடக்குப் பக்கமா என்று இரண்டு கட்சி. ஒருவர் கட்டியதை இன்னொருவர் பெயர்த்து மாற்றிக் கட்ட, அவர் திரும்பப் பெயர்க்க, பத்து மணிக்கு மேல் பெரிய தகராறு.

கோப்பி_ஓ

சடக்குப் பக்கம்தான். நான் அங்கே வளர்ந்தவன், கேட்காமலேயே சொல்கிறேன். ஆற்றுப் பக்கம் இருந்தது சீனர் கடை.

ஆறாம்_லயம்

முதலில் ஆற்றுப் பக்கம்தான். வெள்ளம் வந்த பிறகு மேலே மாற்றினார்கள். நீங்கள் பார்த்தது பிற்பாடு. எங்கள் அண்ணனைக் கேளுங்கள், அவர் அங்கே வேலை செய்தவர்.

கணினி_வாத்தியார்

உலகக் கோப்புறையை நகலெடுத்து இரண்டு உலகமாக ஓட்டலாம், வெள்ளத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பின். ஒரே சர்வரில் வேறு வேறு வாயில் எண் கொடுத்தால் போதும். ஆனால் ஆட்கள் பிரிந்துவிடுவார்கள், பாதிப்பேர் ஒன்றில், பாதிப்பேர் மற்றதில். எனக்கு அதில் விருப்பமில்லை. இரண்டு இடத்திலும் கட்டுங்கள், வாசலில் வருடம் எழுதிய பலகை மாட்டுங்கள்.

பெர்ஜுந்தை_பையன்

தம்பி, அடுத்த சனிக்கிழமைக்கு முன் ஒன்று செய்துவிடு. அமைப்புக் கோப்பில் பின்மீட்புப் பதிவு என்று ஒரு வரி இருக்கிறது, வழக்கமாக அணைந்திருக்கும். அதை இயக்கினால் யார் எந்தக் கல்லை எப்போது பெயர்த்தார் என்று பதிவாகும், ஒரு ஆள் செய்ததை மட்டும் கட்டளையில் பின்னோக்கி எடுக்கலாம். இயக்கிய பிறகு நடப்பதுதான் பதிவாகும், போன வாரத் தகராறுக்கு உதவாது. இரவு ஒருமுறை சர்வரை நிறுத்திக் கோப்புறையை நகலெடுத்து வைக்கவும் ஒரு நிரல் போட்டுவிடுகிறேன். கடவுச்சொல்லைத் தனிச்செய்தியில் அனுப்பு, இங்கே போடாதே. கோப்பி_ஓ அண்ணனுக்குக் கட்டும் உரிமை கொடுக்கலாமா வேண்டாமா என்பதை அக்காவிடம் கேட்டுக்கொள்.